முதல் வகுப்பைக் காணாத பிள்ளைகள்

2020-21 கல்வியாண்டில் முதல் வகுப்பில் பெயர் பதியப்பட்ட குழந்தைகள் 2025-26 இல் ஆறாம் வகுப்புக்கு வந்துசேர்ந்தனர். பள்ளியில் சேர்ந்ததற்கான பதிவு அவர்களுக்கு உண்டு. இரண்டாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டதற்கான பதிவும் உண்டு. இவ்விரு பதிவுகளுக்கும் இடையே நிகழ்ந்திருக்க வேண்டிய முதல் வகுப்புதான் நிகழவில்லை. 2020 மார்ச்சில் மூடப்பட்ட இந்தியப் பள்ளிகள் முழுமையாகவோ பகுதியாகவோ 82 வாரங்கள் மூடிக் கிடந்தன என்பது யுனெஸ்கோவின் கணக்கு. பல மாநிலங்களில் உயர்வகுப்புகள் முதலில் திறக்கப்பட்டு, தொடக்க வகுப்புகள் கடைசியாகத் திறக்கப்பட்டன. அக்குழந்தைகளில் பெரும்பாலோர் வகுப்பறைக்குள் நிலையாகக் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பே முடியும் தறுவாயில் இருந்தது. சில மாதங்களில் மூன்றாம் வகுப்புப் பாடநூல் கையில் கொடுக்கப்பட்டது.

பெருந்தொற்றை முடிந்துபோன கதையாகவே ஆட்சியாளர்கள் பேசுகின்றனர். மருத்துவமனைகளைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். பள்ளிகளைப் பொறுத்தவரை அது ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மேலேறிச் சென்றுகொண்டிருக்கிறது. 2029-30 இல் அது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதும்.

மீட்சி வந்துவிட்டது என்ற கூற்றுக்குச் சான்றாகக் காட்டப்படுவது ‘அசர்’ ஆய்வு. ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக் கூடியவர்கள் 2018 இல் 27.3 விழுக்காடு, 2022 இல் இது 20.5 ஆகச் சரிந்தது. 2024 இல் 27.1 ஆக உயர்ந்தது. கழித்தல் கணக்கில் 2018 ஆம் ஆண்டின் நிலையையும் தாண்டிவிட்டனர். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் உழைப்புக்குக் கிடைத்த பலன் இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓர் எளிய கேள்வியைக் கேட்க வேண்டும்: 2024 இல் மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை யார்? 2022-23 இல், பள்ளிகள் திறக்கப்பட்ட பின்னர், முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை. அதன் தொடக்கப்பள்ளி ஆண்டுகளைப் பெருந்தொற்று தொடவில்லை. ஆகவே அந்த எண் கூறுவது, இழந்தவர்கள் மீண்டார்கள் என்பதை அன்று; இழக்காதவர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதையே. (நான்கில் மூன்று பங்கினர் படிக்கத் திணறிய 2018 ஆம் ஆண்டு நிலைமை எவ்வாறு ஆரோக்கியத்தின் அளவுகோலாயிற்று என்பது வேறு கேள்வி.)

உண்மையில் முதல் வகுப்பை இழந்தவர்கள் அந்த ஆய்வின் ஐந்தாம் வகுப்பு வரிசையில் இருக்கின்றனர். ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2018 இல் 50.5 விழுக்காடு, 2022 இல் 42.8, 2024 இல் 48.8. சரிபாதிக்கும் மேற்பட்டோர் இரண்டாம் வகுப்பு நூலைப் படிக்க இயலாதவர்களாகவே ஐந்தாம் வகுப்பை முடித்து, 2025-26 இல் ஆறாம் வகுப்பின் வரலாறும் அறிவியலும் அடங்கிய புத்தகப் பையைச் சுமக்கத் தொடங்கினர். அவர்களுக்கு ஓராண்டு மூத்தவர்களை 2024 டிசம்பரில் ஒன்றிய அரசின் ‘பரக்’ அமைப்பே சோதித்தது. அக்குழந்தைகள் ஆறாம் வகுப்பில் இருந்தனர். பொதுமுடக்கக் காலத்தில் இரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள். பத்தாம் வாய்ப்பாடு வரை கூட்டலும் பெருக்கலும் அறிந்தவர்கள் அவர்களில் 53 விழுக்காட்டினரே. இன்னும் மூத்த இளைஞர்களையும் மறந்துவிடலாகாது. 14 முதல் 18 வயது வரையிலான ஊரக இளைஞர்களிடையே 2023 இல் ‘அசர்’ நடத்திய ஆய்வில், ஏறத்தாழக் கால் பங்கினர் தம் தாய்மொழியிலோ மாநில மொழியிலோ உள்ள இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படிக்க இயலவில்லை. இவர்கள் பெருந்தொற்று தொடங்கியபோது 11 முதல் 15 வயதுக்கு உட்பட்டோர். இவ்வளவு பெரிய பற்றாக்குறை முழுவதையும் நோய்த்தொற்றின் கணக்கில் எழுதிவிட முடியாது. முன்பே இருந்த விரிசலை அது பிளவாக்கிற்று.

இந்தப் பிளவு எவர் மீது விழுந்தது என்பதில் மயக்கம் ஏதுமில்லை. 2021 ஆகஸ்டில் ழான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் ஒருங்கிணைத்த ஆய்வு 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குழந்தைகளைச் சந்தித்தது. ஊரகப் பகுதியில் இணையவழியில் முறையாகப் படித்துவந்தோர் 8 விழுக்காடு. எதையுமே படிக்காதிருந்தோர் 37 விழுக்காடு. ஊரகத் தலித், ஆதிவாசிக் குழந்தைகளைத் தனியே எடுத்தால், இணையவழியில் முறையாகப் படித்தவர்கள் 4 விழுக்காடு மட்டுமே. பிற ஊரகக் குழந்தைகளில் அது 15. நகரத்து உயர்நடுத்தரக் குடும்பத்தின் பிள்ளை தனியறையில் மடிக்கணினியின் முன் அமர்ந்து சலித்துக்கொண்ட அதே மாதங்களில், கூலித் தொழிலாளியின் வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி விடியற்காலையில் தந்தையோடு வேலைக்குப் போய்விட்டது. ‘எண்ணிமப் பிளவு’ என்று கருத்தரங்குகளில் பேசப்பட்டதன் உள்ளடக்கம் இவ்வளவுதான். சாதியும் வர்க்கமும் புதிய கருவி ஒன்றின் வழியாகப் பழைய வேலையைச் செய்தன.

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 சனவரியில் ஐந்து மாநிலங்களின் 1,137 அரசுப் பள்ளிகளில் பயின்ற 16,067 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு இன்னொரு உண்மையை வெளிக்கொணர்ந்தது. இரண்டு முதல் ஆறு வரையிலான வகுப்புகளில் இருந்த குழந்தைகளுள் 92 விழுக்காட்டினர், முந்தைய ஆண்டில் தாம் பெற்றிருந்த மொழித் திறன்களில் ஒன்றையேனும் இழந்திருந்தனர். கணிதத்தில் 82 விழுக்காட்டினர். புதியதைக் கற்கவில்லை என்பதோடு நிற்காமல், கற்றதும் கையைவிட்டுப் போயிற்று. ஒரு படத்தைக் கண்டு அதைப் பற்றி வாயால் சொல்வது, பழகிய சொற்களைப் படிப்பது, எளிய வாக்கியம் ஒன்றை எழுதுவது ஆகியவையே அங்கு மொழித் திறன் என்று கணக்கிடப்பட்டவை. எழுத்து என்பது அன்றாடப் புழக்கத்தில் இருக்கும் வீடுகளில் இவை மறவா. தாய் தந்தையர் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைக்கும் வீட்டில் பள்ளி மூடினால் எழுத்தும் மூடிவிடுகிறது.

இத்தகைய குழந்தைகளுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் என்ன நேர்கிறது என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். பாடத்திட்டம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. மாவட்ட அலுவலகம் கேட்பது ‘போர்ஷன்’ முடிந்ததா என்பதையே. மூன்றாம் வகுப்பு ஆசிரியர், எழுத்தறியாத குழந்தைக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார். நான்காம் வகுப்பில் எழுத்தறிவு உண்டு என்ற கற்பனையின் மீதே கணக்கும் அறிவியலும் கட்டப்படுகின்றன. கணக்குக்கு விடை தெரியாமல் அந்தக் குழந்தை விழிப்பதில்லை. கணக்கு என்ன கேட்கிறது என்பதைப் படிக்கவே முடியாமல் விழிக்கிறது. கரும்பலகையைப் பார்த்து வரைந்தெழுதும் கலையை விரைவில் கற்றுக்கொள்கிறது. குறிப்பேடு நிரம்பியிருக்கும், எழுத்து அழகாகக்கூட இருக்கும், எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னால் தலை குனியும். பத்து வயதுக்கு மேல் அந்தத் தலைகுனிவை மறைப்பதற்குச் சேட்டையும் முரட்டுத்தனமும் மௌனமும் துணைக்கு வருகின்றன. ‘படிப்பு ஏறாத பையன்’ என்ற பட்டம் அடுத்து வருகிறது. அதன்பின் அவன் பள்ளிக்கு வராத நாட்கள் மிகும். எந்த நாளில் நின்றான் என்பதை எவரும் குறிப்பாகச் சொல்ல முடியாது.

முதல் வகுப்பு என்பது எழுத்துகளை மட்டும் கற்பிக்கும் இடமுமன்று. பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது, வேறு தெருவின், வேறு சாதியின் பிள்ளையோடு தோள் உரச அமர்வது, வீட்டார் அல்லாத ஒருவர் தன் பெயரைச் சொல்லி அழைப்பதைக் கேட்பது, ஒன்றாக உண்பது ஆகியனவும் அங்கேயே கற்கப்படுகின்றன. அங்கன்வாடிகளும் அக்காலத்தில் மூடிக் கிடந்தமையால் இந்தப் பயிற்சி ஐந்து வயதிலும் இல்லை, ஆறு வயதிலும் இல்லை.

இதற்கு ஒன்றிய அரசு ஆற்றிய எதிர்வினை அரசியல் அறிவுடையோர் அனைவரும் நினைவில் வைத்திருக்கத் தக்கது. 2020-21 நிதிநிலை அறிக்கையில் சமக்ர சிக்ஷா திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 38,751 கோடி ரூபாய். பள்ளிகள் மூடிக் கிடந்து, மீட்புக்கான ஏற்பாடுகள் தேவைப்பட்ட 2021-22 இல் அது 31,050 கோடியாக வெட்டப்பட்டது. 2022 பிப்ரவரியில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய நிதிநிலை உரை, ஊரகக் குழந்தைகளும் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளும் ஏறத்தாழ ஈராண்டு முறைசார் கல்வியை இழந்துவிட்டனர், அவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளி மாணவர்கள் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நோயை இவ்வளவு சரியாகக் கணித்த பின் எழுதப்பட்ட மருந்து: ‘ஒரு வகுப்பு, ஒரு தொலைக்காட்சி அலைவரிசை’ திட்டத்தின் 12 அலைவரிசைகள் 200 ஆக உயர்த்தப்படும். காலியாகக் கிடந்த ஆசிரியர் பணியிடங்களைப் பற்றி அந்த மருந்துச் சீட்டில் பேச்சில்லை.

2021 சூலையில் தொடங்கப்பட்ட ‘நிபுண் பாரத்’ இயக்கத்தின் முதன்மை இலக்கு மூன்றாம் வகுப்பின் முடிவுக்குள் எழுத்தறிவும் எண்ணறிவும் பெறச் செய்வது. இலக்கு தவறானதன்று. ஆனால் பொதுமுடக்கம் வந்தபோதே மூன்றாம், நான்காம் வகுப்புகளில் இருந்த குழந்தைகள் இயக்கம் தொடங்கும் முன்பே அந்த எல்லையைக் கடந்துவிட்டிருந்தனர். மேல் வகுப்பினருக்கான தனி உதவி துணைக் குறிப்பாகவே நின்றுவிட்டது. வெற்றி காட்டுவதற்கு எளிதான வயதினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். காட்ட இயலாதவர்கள் கணக்கிலிருந்து நழுவினர்.

பெருந்தொற்றைப் பயன்படுத்திக்கொள்வதில் மட்டும் தயக்கமே இருக்கவில்லை. நாடாளுமன்றத்தில் விவாதமின்றி 2020 சூலை 29 அன்று தேசியக் கல்விக் கொள்கைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே மாதத்தில் ‘சுமைக் குறைப்பு’ என்ற பெயரில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்திலிருந்து அவ்வாண்டுக்குக் கூட்டாட்சி, குடியுரிமை, மதச்சார்பின்மை ஆகிய பாடங்கள் நீக்கப்பட்டன. 2022 இல் என்சிஇஆர்டி, குழந்தைகளின் பெருந்தொற்றுக் காலச் சுமையைக் காரணம் காட்டி நூல்களைத் திருத்தியபோது, பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து டார்வினின் பரிணாமக் கோட்பாடு போயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றிலிருந்து முகலாய அரசவை போயிற்று. மக்கள் போராட்டங்களையும் இயக்கங்களையும் பற்றிய அத்தியாயம் போயிற்று. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத குழந்தையின் சுமையைக் குறைக்க அக்பரை அகற்ற வேண்டும் என்று கண்டுபிடித்தவர்களின் நுண்மதியை வியக்காதிருக்க முடியவில்லை. மறுபுறம் இணையவழிக் கல்வி நிறுவனங்களுக்குச் சந்தை திறந்துவிடப்பட்டது. கடன் தவணைகளிலும் தானாகப் பிடிக்கப்படும் கட்டணங்களிலும் பெற்றோர் சிக்கிக்கொண்டபின், 2021 டிசம்பரில், ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று கல்வி அமைச்சகம் அறிவுரை வழங்கிற்று. 2022 இல் 2,200 கோடி டாலர் பெறுமானமுள்ளதாக மதிப்பிடப்பட்ட பைஜூஸ் நிறுவனம் 2024 சூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. சந்தை பள்ளியின் இடத்தை நிரப்பும் என்ற நம்பிக்கை அவ்வாறு முடிந்தது.

இவை எல்லாவற்றையும் விடக் கொடிய அடி 2024 டிசம்பரில் விழுந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளைத் திருத்தி, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்வில் தவறும் குழந்தைகளுக்கு இரண்டு மாதங்களில் மறுதேர்வு, அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்திவைப்பு என்ற முறையை ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. பதினாறு மாநிலங்கள் ஏற்கெனவே இவ்வழியில் சென்றுவிட்டிருந்தன. எந்தக் கல்வியாண்டின் ஐந்தாம் வகுப்பு முதலில் இந்த வலையில் சிக்கியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2024-25 ஆம் ஆண்டின் ஐந்தாம் வகுப்பு; அதாவது 2020-21 இல் முதல் வகுப்பில் பெயர் மட்டும் பதியப்பட்ட அதே குழந்தைகள். அவ்வாண்டு எட்டாம் வகுப்பில் இருந்தவர்களோ பொதுமுடக்க ஆண்டில் நான்காம் வகுப்பினர். முதல் வகுப்பைத் தரத் தவறிய அரசு, ஐந்தாம் வகுப்பில் குழந்தையின் மேல் தவறியவன் என்ற முத்திரையைக் குத்துகிறது. ‘தரம் உயர வேண்டாமா?’ என்று கேட்போர் கட்சிக்கு நெருக்கமான ஆசிரியர், பெற்றோர் வட்டங்களிலும் உள்ளனர். அவர்களுடைய கவலை பொய்யானதன்று. அனைவருக்கும் தேர்ச்சி என்பதை எவருக்கும் கற்பிக்காமல் மேலே தள்ளுவது என்று நடைமுறைப்படுத்தினால் அது ஏமாற்றே. ஆனால் கற்பிக்காததற்கான தண்டனையைக் கற்பிக்கப்படாதவர் மீது சுமத்துவது அந்த ஏமாற்றுக்கு மாற்றாகிவிடாது. அதே வகுப்பில் இரண்டாம் முறை அமர்த்தப்படும் பெண்குழந்தை மூன்றாம் ஆண்டு எங்கே இருப்பாள் என்பதை ஊரில் உள்ளவர்கள் அறிவார்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்கீழ் பதிவான வழக்குகள் 2019 இல் 523. 2020 இல் 785. 2021 இல் 1,050. காவல் நிலையம் வரை வந்த திருமணங்கள் மட்டுமே இவை.

பெருந்தொற்றுக் காலத்தில் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு வாய்ப்பும் கிடைத்தது. வருமானம் இழந்த குடும்பங்கள் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் பிள்ளைகளை அங்குக் கொண்டுவந்து சேர்த்தன. ஊரகத்தில் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளில் அரசுப் பள்ளியில் பயில்வோர் 2018 இல் 65.6 விழுக்காடு, 2022 இல் 72.9. வந்தவர்களைத் தக்கவைக்கும் அளவுக்கு ஆசிரியர்களும் வகுப்பறைகளும் கிடைத்திருந்தால் ஒரு தலைமுறையின் போக்கே திரும்பியிருக்கும். 2024 இல் அது 66.8 ஆக இறங்கிவிட்டது. 2014-15 இல் 11,07,101 ஆக இருந்த அரசுப் பள்ளிகள் 2023-24 இல் 10,17,660 ஆகக் குறைந்தன என்பது நாடாளுமன்றத்தில் அரசே அளித்த விவரம். 2023-24 இல் 1.10 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரே ஓர் ஆசிரியர். அவற்றில் ஏறத்தாழ 40 லட்சம் குழந்தைகள். இந்நிலையில்தான் உத்தரப் பிரதேச அரசு 2025 சூன் 16 அன்று, 50-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளை அருகிலுள்ள பள்ளியோடு ‘இணைக்க’ ஆணையிட்டது. அது வழக்கு மன்றம் வரை சென்றது. ஆறு வயதுக் குழந்தைக்கு அருகிலுள்ள பள்ளி என்பது நெடுஞ்சாலையின் மறுபுறம் உள்ள பள்ளியாகவும் இருக்கலாம்.

கற்றல் இழப்பைக் கணக்கிடக் கருவிகளேனும் உண்டு. உள்ளத்தில் பட்ட காயத்தைக் கணக்கிட எவரும் பெரிதாக முயலவில்லை. 2020 ஏப்ரல் முதல் தாய் தந்தையரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த குழந்தைகள் 1,47,492 பேர் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 சனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மரண எண்ணிக்கையே மறைக்கப்பட்ட நாட்டில் இதுவும் குறைமதிப்பாகவே இருக்கக்கூடும். பிரதமரின் பெயரால் அறிவிக்கப்பட்ட குழந்தைகள் நலத் திட்டம் இவர்களில் சில ஆயிரம் பேரையே ஏற்றுக்கொண்டது. பெற்றோரில் ஒருவர் உயிரோடிருந்தால் அதில் இடமில்லை. தந்தையை இழந்து, தாய் வீட்டு வேலைக்குப் போகும் குடும்பத்தில், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பன்னிரண்டு வயதுச் சிறுமி எந்தத் திட்டத்தின் பயனாளியும் அல்லள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் மாணவர் தற்கொலைகள் 2019 இல் 10,335. 2020 இல் 12,526. 2021 இல் 13,089. 2022 இல் 13,044. 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை வெளிவந்திருந்த கடைசி அறிக்கை 2022 ஆம் ஆண்டுக்குரியதாகவே இருந்தது என்பதே அரசின் அக்கறைக்குச் சான்று. ஒவ்வோர் உயிரிழப்புக்கும் பல காரணங்கள் உண்டு. அனைத்தையும் தொற்றின் பேரில் எழுதுவது நேர்மையாகாது. ஆனால் தொற்று விலகியபின் எண் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பது கவனத்துக்குரியது. 2021 இல் தற்கொலை செய்துகொண்டோரில் நால்வரில் ஒருவர், அதாவது 42,004 பேர், தினக்கூலித் தொழிலாளர்கள் என்பதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வீட்டில் வேலையின்மையும் கடனும் குடிகொண்டிருக்கையில் குழந்தையின் மனநலத்தை மட்டும் தனியே எடுத்து ஆலோசனை வழங்கிக் குணப்படுத்திவிட முடியாது.

2022 இல் என்சிஇஆர்டி 3.79 லட்சம் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் 81 விழுக்காட்டினர் படிப்பும் தேர்வும் தேர்வு முடிவுகளும் தங்கள் பதற்றத்துக்குக் காரணம் என்றனர். பதில் நடவடிக்கையாகத் தேர்வுகள் குறைந்தனவா? அதே ஆண்டில் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இன்னொரு பொது நுழைவுத் தேர்வு வந்தது. அதற்கும் பயிற்சி மையங்கள் முளைத்தன. 2021 இல் யூனிசெஃப் நடத்திய ஆய்வு மற்றொரு சுவரைக் காட்டியது. மனநலச் சிக்கலுக்குப் பிறருடைய உதவியை நாடுவது நல்லது என்று கருதிய இளைஞர்கள் இந்தியாவில் 41 விழுக்காடு மட்டுமே. ஆய்வு நடந்த 21 நாடுகளின் சராசரி 83. அழைக்க ஓர் எண் இருக்கிறது: 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மனஸ் சேவையின் 14416. அதைக் கிளை அலுவலகங்களிலும் படிப்பகங்களிலும் எழுதி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. 2025 சூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், ஊதியத்துக்கான நிதியை எவர் தருவார் என்பதில்தான் அதன் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கிறது.

பசியையும் இவ்விடத்தில் குறிப்பிட்டாக வேண்டும். பள்ளிகள் மூடியபோது சமைத்த உணவும் நின்றது. உலர் பொருள்கள் சில இடங்களில் வந்தன, சில இடங்களில் வரவேயில்லை. 2025 இல் மதிய உணவுத் திட்டத்தில் தானியம் நீங்கலாகத் தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஒதுக்கப்பட்ட பொருட்செலவு 6 ரூபாய் 78 காசு, அதுவும் அவ்வாண்டு மே முதல்தான். பருப்பு, காய்கறி, எண்ணெய், எரிபொருள் அனைத்தும் இதற்குள் அடங்கும். சந்தையில் ஒரு முட்டை வாங்கினால் இதில் மீதி எவ்வளவு இருக்கும்?

இழந்ததை மீட்க முடியாது என்று கைவிரிப்பதற்கும் ஆதாரம் இல்லை. இதற்கு எதிரான வலுவான சான்று தமிழ்நாட்டிலிருந்தே கிடைத்திருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரங்களில் குடியிருப்புகளிலேயே கற்பித்தனர். அபிஜித் சிங், மொரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊரகத் தமிழ்நாட்டின் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது என்பதும், அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்பதும் அவர்களின் முடிவு. எஞ்சிய முக்கால் பங்குக்குப் பள்ளி திறந்திருந்ததே அடிப்படை. அரசு இறங்கி வந்தால், ஊர் கைகொடுத்தால், குழந்தைகள் விரைந்து மீள்கின்றனர். கேரளம் 2020 சூன் முதல் நாளிலேயே ‘ஃபர்ஸ்ட் பெல்’ ஒளிபரப்பைத் தொடங்கியபோது சுமார் 2.6 லட்சம் குழந்தைகளிடம் தொலைக்காட்சியோ இணையமோ இல்லை என்று கண்டறியப்பட்டது. படிப்பகங்களிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன; இளைஞர் அமைப்புகள் வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுத்தன. வகுப்பறைக்கு அது ஈடாகவில்லை. ஆயினும் குழந்தைகள் கைவிடப்படவில்லை.

தமிழ்நாட்டு முயற்சியைப் போற்றும்போதே ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்தப் பெண்களுக்கு வழங்கப்பட்ட ஊக்கத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய். நெருக்கடியில் தன்னார்வலர்கள் வருவார்கள். நெருக்கடியை நிலையாக்கிவிட்டுத் தன்னார்வலர்களால் பள்ளி நடத்த இயலாது. நிலையான ஆசிரியர் நியமனமே கோரிக்கையாக இருக்க வேண்டும். அந்நியமனத்துக்கு நிதி வேண்டும். ஆனால் மீட்சியில் முன்னின்ற அதே தமிழ்நாட்டுக்கு, பிஎம் ஸ்ரீ உடன்பாட்டில் கையெழுத்திட்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக, சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25 ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. முதல் வகுப்பை இழந்த குழந்தைகளின் மீட்புக்கான பணம், கூட்டாட்சியைப் பணிய வைக்கும் கயிறாகத் திரிக்கப்பட்டது. கோத்தாரி ஆணையம் 1966 இல் பரிந்துரைத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 விழுக்காடு இன்றுவரை எட்டப்படவில்லை. அதே 6 விழுக்காட்டைப் புதிய கல்விக் கொள்கையும் எழுதி வைத்திருக்கிறது.

இயக்கத்தின் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை உள்ளது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் மாணவர், ஆசிரியர், மாதர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் மேல் வரிசையில் இருந்த கற்றல் மீட்பு, பள்ளிகள் திறக்கப்பட்டதும் கீழே இறங்கி, பல மாநிலங்களில் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டது. நுழைவுத் தேர்வு முறைகேடுகளுக்கு எதிரான போராட்டம் நியாயமானது; ஆனால் நுழைவுத் தேர்வு வாசல் வரை வந்து சேர முடியாதவர்களே உழைக்கும் வர்க்கத்தின் பெரும்பகுதி. ஐந்தாம், எட்டாம் வகுப்பு நிறுத்திவைப்பைத் திரும்பப் பெறுதல், ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளில் எழுத்தறிவு மீட்புக்குத் தனி ஆசிரியரும் பள்ளி நேரத்துக்குள்ளேயே தனி நேரமும், ஓராசிரியர் பள்ளிகளுக்கு முடிவு, நிறுத்தப்பட்ட நிதியின் விடுவிப்பு ஆகியவை இன்று ஒரே கோரிக்கையின் பகுதிகள்.

கிளைகள் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்குகிறது; அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கட்சி உறுப்பினர்களும் அவர்களின் துணைவியரும் ஏராளமான குழுக்களில் பெயரளவில் இடம்பெற்றுள்ளனர். அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளில் இரண்டாம் வகுப்புப் பாடநூலைப் படிக்க இயலாத குழந்தைகள் யார் யார், அவர்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் எவர் கற்பிக்கிறார்? பெரும்பாலான பள்ளிகளில் அத்தகைய பட்டியல் இராது. பட்டியலைத் தயாரிக்குமாறு தீர்மானம் எழுதி, கூட்டக் குறிப்பேட்டில் பதிந்து, அதன் படியை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் மீண்டும் கேட்கலாம்.